குண்டு, சேபோ, குழல்: மஸில்லோடரில் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்துவது எப்படி

ஒஹாயோ மாநிலத்தில் ஜனவரி தொடக்கத்தில் வரும் மஸில்லோடர் மான் பருவத்தில், குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியோடு காட்டில் காத்திருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வெடிதான். விறைத்த விரல்களால் மறுபடி மருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை வைத்து முடிப்பதற்குள் மான் அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு குண்டு நெஞ்சுக்கூட்டில் உரிய இடத்தில் இறங்கி மானை விரைவாக வீழ்த்த வேண்டும். குறி தவறி வயிற்றில் பட்டுவிட்டால் அந்த உயிர் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பத்துப் பருவங்களுக்கு மேல் இந்தத் துப்பாக்கியோடு பழகிய பிறகு நான் உறுதியாக நம்புவது இது: குண்டு குறி தவறும்போது நாம் மருந்தையும் தொலைநோக்கியையும் சந்தேகிக்கிறோம், ஆனால் பிழை பெரும்பாலும் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கிண்ணத்தின் பெயர் சேபோ. பிரெஞ்சு மொழியில் மரக்கட்டைச் செருப்பைக் குறிக்கும் சொல் அது. 0.50 காலிபர், அதாவது ஏறத்தாழ அரை அங்குல விட்டமுள்ள குழலில் 0.452 அங்குல விட்டமுள்ள கைத்துப்பாக்கிக் குண்டை அப்படியே போட்டால் அது கலகலவென்று ஆடும். சேபோ அந்த இடைவெளியை நிரப்புகிறது, பின்னாலிருந்து வரும் வாயுவைக் கசியவிடாமல் அடைக்கிறது, குழலின் சுருள் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு அந்தச் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுக்கிறது. வாயைத் தாண்டியதும் காற்று அதன் இதழ்களை விரிக்க, தான் பின்தங்கிக் குண்டைத் தனியே போகவிடுகிறது. 1985இல் டோனி நைட் வெளியிட்ட எம்கே-85 என்ற இன்லைன் (பிரைமர் குழலின் நேர் பின்னால் அமையும்) துப்பாக்கியும், ஆர்கன்சாஸைச் சேர்ந்த டெல் ராம்சியின் எம்எம்பி நிறுவனம் செய்த சேபோக்களும் சேர்ந்துதான் இந்த முறையை அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பரப்பின.

நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் வாய்வழி கெட்டிப்பதுதான். ஆனால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம் என்பதால், இங்கே சொல்வதெல்லாம் உரிமமும் பருவமும் வகுக்கப்பட்ட அமெரிக்க மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் குழலை அளந்துகொள்ளுங்கள்

பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருப்பதை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழலுக்குள் சுருள் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடுகளின் விட்டம் ஒரு தயாரிப்பாளரிடம் 0.500 அங்குலமாகவும் இன்னொருவரிடம் 0.502 ஆகவும் இருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையிலும் வேறுபாடு வரும். ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் கனம் தெரியும். 0.501 அங்குலக் குழலில் 0.452 அங்குலக் குண்டு என்றால் மிச்சம் 0.049 அங்குலம், அதைப் பாதியாக்கினால் ஒரு பக்கத்துக்கு 0.0245 அங்குலம்தான் இதழுக்கு இடம். அந்த மெல்லிய சுவரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் குண்டைத் திணிக்கும் கோலைத் தள்ளும் கைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அளப்பதற்கு எளிய வழி, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பிரீச் பிளக்கைக் கழற்றி, குழலைச் சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் தடவி, குழலைவிடச் சற்றே பெரிய தூய ஈய உருண்டை ஒன்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் தள்ளி எடுப்பதுதான். ஈயத்தில் மேடுகள் அழுத்திய பள்ளங்களுக்கு நடுவே காலிப்பர் என்ற அளவுக்கருவியை வைத்தால் குழலின் மேட்டு விட்டம் கிடைக்கும். பள்ளங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் மேட்டுக்கு எதிரே மேடு வராது. அப்போது காலிப்பரோடு மல்லுக்கட்டாமல், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் உள்ள அளவு ஊசிகளைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது. தள்ளும்போது கைக்கு வரும் உணர்வையும் கவனியுங்கள். சில குழல்களில் வாயருகே இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கும். அத்தகைய குழலில் வாயில் நன்றாகப் பொருந்திய சேபோ உள்ளே போனதும் பிடியை விட்டுவிடும்.

சேபோவின் இறுக்கம்

குண்டின் விட்டத்துக்கும் குழலுக்கும் ஏற்ப சேபோக்கள் தனித்தனியாகச் செய்யப்படுகின்றன. 0.50 குழலுக்கு 0.44 சேபோ என்றால் அது 0.429, 0.430 அங்குலக் குண்டுகளுக்கானது, 0.45 சேபோ என்றால் 0.451, 0.452 அங்குலக் குண்டுகளுக்கானது. இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. அதே 0.45 வகையிலும் ஒரு நுட்பம் உண்டு: பார்ன்ஸ் நிறுவனத்தின் செப்புக் குண்டுகள் 0.451 அங்குலம், ஹார்னடியின் எக்ஸ்டிபி வகைக் குண்டுகள் 0.452 அங்குலம். ஒன்றோடு இதமாக இறங்கும் சேபோ மற்றொன்றோடு அடம்பிடிக்கலாம். சேபோக்களும் ஒரே மாதிரி இல்லை. எம்எம்பியின் எச்பிஎச்-24 அதே நிறுவனத்தின் எச்பிஎச்-12ஐவிட எளிதாக இறங்கும். ஹார்வெஸ்டரின் கிரஷ் ரிப் சேபோக்களில் இதழ்களின் வெளிப்புறத்தில் ஓடும் நெடுக்கு வரிகள் நசுங்கி இடம் கொடுப்பதால் இறுக்கமான குழலிலும் உள்ளே போகும். ஆகவே குண்டை முதலில் தீர்மானித்துவிட்டு சேபோவை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. பிடித்த சேபோவுக்காகக் குண்டை மாற்றுவது தலைகீழான வேலை.

இறுக்கத்தைக் கை மட்டும் வைத்துச் சொல்வது கடினம் என்பதால் நான் வீட்டுக் குளியலறை எடைப்பொறியைப் பயன்படுத்துகிறேன். மருந்தும் பிரைமரும் இல்லாத, வெறுமையென்று இரண்டு முறை உறுதி செய்த துப்பாக்கியின் அடிக்கட்டையை எடைப்பொறியின் மேல் நிறுத்தி, முகத்தைக் குழலின் நேருக்கு வராமல் விலக்கி வைத்துக்கொண்டு, குண்டு பொருத்திய சேபோவைக் கோலால் ஒரே சீராகக் கீழே தள்ளும்போது பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதிலிருந்து துப்பாக்கியின் எடையைக் கழித்தால் தள்ளும் விசை வந்துவிடும். என் துப்பாக்கியில் நன்றாகச் சுட்ட இணைகள் எல்லாம் 25 முதல் 35 பவுண்டுக்குள் அமைந்தன. ஒரு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனால் அது தளர்வு. முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளவேண்டியிருந்தால், அல்லது கோலைச் சுத்தியால் தட்டத் தோன்றினால், அது வேண்டாத இறுக்கம். அப்படித் தட்டினால் குண்டின் மூக்கு நசுங்கும், பாலிமர் முனை கோணலாகும், குறியும் போகும். கூர்முனைக் குண்டுகளுக்கு முனையைத் தொடாமல் தோளைப் பிடித்துத் தள்ளும் குழிவான தலை கோலின் நுனியில் இருக்கவேண்டும்.

பிறகு பிரீச் பிளக்கைக் கழற்றி, அதே சேபோவை அடிப்பக்கமாகத் தள்ளி வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இதழிலும் சுருள் மேடுகள் பதித்த சாய்வான கோடுகள் தெளிவாக, அடிமுதல் நுனிவரை சம ஆழத்தில் தெரியவேண்டும். கோடுகளே இல்லாமல் பளபளப்பாக இருந்தால் சேபோ சுழலாமல் வழுக்கும். ஓரிடத்தில் பிளாஸ்டிக் சுருண்டு உரிந்திருந்தால் குழலின் வாயோரம் கூர்மையாக இருக்கிறது அல்லது சேபோ பெரிது என்று பொருள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் வழக்கமான சேபோ கிடைக்காமல், அதே காலிபர் எழுதியிருந்த வேறொரு பையை வாங்கி, சோதிக்காமலே பருவத்துக்குப் போனேன். விடியலில் கெட்டித்துவிட்டு, துப்பாக்கியைக் குழல்வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தோளில் மாட்டிக்கொண்டு, மேடு பள்ளத்தில் ஒரு மைல் நடந்தேன். மரத்தடியில் உட்கார்ந்ததும் வழக்கப்படி கோலை உள்ளே விட்டுப் பார்த்தபோது, கோலில் நான் வரைந்து வைத்திருந்த கோடு குழல்வாய்க்கு மேலே ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. குண்டு மருந்தைவிட்டு முன்னால் நகர்ந்திருந்தது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். அன்று நான் திரும்பி வந்து, பிளக்கைக் கழற்றி, எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன்.

அந்தக் கோட்டை எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவேன். வெறும் குழலில் கோலை அடிவரை விட்டு வாயோரத்தில் ஒரு கோடு; மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்த நிலையில் இன்னொரு கோடு. ஒவ்வொரு முறை கெட்டித்த பிறகும், காட்டில் நடந்து முடித்த பிறகும், பிரைமர் வைப்பதற்கு முன்பாக இரண்டாவது கோட்டைச் சரிபார்க்க வேண்டும்.

முறுக்கும் குண்டின் நீளமும்

குழலுக்குள் சுருள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச்சுற்று வருகிறது என்பதே முறுக்கு. இன்றைய இன்லைன்களில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய பாணி ஹாக்கன் வகைகளில் 48. துணியில் சுற்றிய ஈய உருண்டைக்கென்றே செய்தவற்றில் 66 வரை போகும். குண்டு நிலையாகப் பறக்குமா என்பதை எடையைவிட நீளமே தீர்மானிக்கிறது. 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் சொன்ன கணக்கு இன்றும் தோராயத்துக்குப் போதும்: குண்டின் விட்டத்தை வர்க்கமாக்கி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், தேவையான முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும். 0.452 அங்குல விட்டமும் 1 அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு விடை ஏறத்தாழ 30.6. அதாவது 28 முறுக்கு அதைத் தாங்கும். நீளம் 1.2 அங்குலமானால் விடை 25.5க்கு இறங்கிவிடுகிறது; 28 முறுக்கு அங்கே விளிம்பில் நிற்கிறது. 48 முறுக்குக் குழலுக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 0.64 அங்குலத்துக்கு மேல் நீளமான குண்டு கூடாது என்று வரும். பழைய ஹாக்கனில் சேபோ போட்டுவிட்டுக் குண்டு இலக்குத் தாளில் பக்கவாட்டாகத் துளைக்கிறது என்று வருந்துபவர்களின் சிக்கல் இதுதான். அந்தத் துப்பாக்கிக்கு ஈய உருண்டையோ குட்டையான கூம்புக் குண்டோதான் ஏற்றது.

செப்பு ஈயத்தைவிட லேசானது. ஆகவே அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாக இருக்கும், முறுக்கும் கூடுதலாகக் கேட்கும். ஈயத்தில் 300 கிரெயின் (குண்டையும் மருந்தையும் அளக்கும் சிறு எடை அலகு) எடையுள்ள குண்டு நன்றாகச் சுடுகிறது என்பதற்காகச் செப்பிலும் 300ஐ வாங்காமல், 250லிருந்து தொடங்குங்கள்.

எந்தக் குண்டு எந்தத் தூரத்துக்கு

ஹார்னடியின் 0.452 அங்குல 250 கிரெயின் எக்ஸ்டிபி குண்டு 0.45 கோல்ட் கைத்துப்பாக்கியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அங்கே அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 900 அடி. இன்லைனில் 100 கிரெயின் அளவு மருந்தோடு அதே குண்டு 1,800 அடிக்கு மேலும் புறப்படுகிறது. 120 கெஜத்தில் வேகம் தணிந்து பட்டால் அழகாக விரிந்து வேலையை முடிக்கும். 30 கெஜத்தில் தோள்பட்டை எலும்பில் மோதினால் அளவுக்கு மீறி விரிந்து ஆழம் போகாமல் நின்றுவிடக்கூடும். அடர்ந்த காட்டில் கிட்டத்தில் சுடுபவர்கள் 300 கிரெயினுக்குப் போகலாம், அல்லது 0.454 கசல் போன்ற வேகமான கைத்துப்பாக்கிகளுக்காகக் கெட்டியான உறையோடு செய்த எக்ஸ்டிபி மேக் வகையை எடுக்கலாம், அல்லது முழுச் செப்புக் குண்டுக்கு மாறலாம். செப்புக் குண்டு ஆறு இதழாக விரிந்தாலும் சிதறுவதில்லை. இறைச்சியில் ஈயத் துகளும் கலப்பதில்லை. மானிறைச்சியைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் வீடுகளில் இது எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

குண்டின் அடிப்பாகமும் கவனத்துக்குரியது. சேபோக் கிண்ணத்தின் உள்ளடி தட்டையாக இருக்கும்போது, படகுவால் போலக் குறுகும் அடியுள்ள குண்டைப் போட்டால் அழுத்தம் முழுவதும் சிறு வட்டத்தில் குவிந்து, குண்டு கிண்ணத்தின் அடியைப் பிதுக்கிவிடலாம். படகுவால் குண்டுகளை அவற்றோடு வரும் சேபோவில் மட்டுமே போடுங்கள். வேறு சேபோவை முயன்று பார்க்க விரும்பினால் தட்டையடிக் குண்டை எடுங்கள்.

மருந்தும் அடைப்பும்

கருமருந்தும் அதற்கு மாற்றாக வந்த பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209 ஆகியவையுமே இத்துப்பாக்கிக்குரியவை. புகையற்ற மருந்தை, அதற்கென்றே செய்யப்படாத மஸில்லோடரில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. குழல் வெடித்துச் சுடுபவரின் உயிரையே வாங்கிவிடும்.

டிரிபிள் செவன் சுட்டபின், குழலின் அடியில் கெட்டியான கரிவளையம் ஒன்றை விட்டுச்செல்லும். முதல் குண்டுக்கு இதமாக இறங்கிய சேபோ இரண்டாவது முறை அந்த வளையத்தில் முட்டி நிற்கும்; அதுதான் அடி என்று ஏமாந்துவிட வாய்ப்புண்டு. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணி ஒன்றும் உலர்துணி ஒன்றும் விட்டுத் துடைத்தால் சேபோ எப்போதும் ஒரே பிடியில் இறங்கும். பிளாக்ஹார்ன் 209க்கு இப்படி இடையில் துடைக்கத் தேவையில்லை. ஆனால் அது எளிதில் பற்றாது. 209 என்ற வகையைச் சேர்ந்த சூடான பிரைமரும், அழுத்தம் எழும்வரை நகராமல் பிடித்து நிற்கும் இறுக்கமான சேபோவும் வேண்டும். தளர்வான சேபோவோடு அது தாமதமாக வெடிக்கும், அல்லது பிரைமர் மட்டும் வெடித்து மருந்து பற்றாமலே போகும். அந்த மருந்தை மாற்றத் தோன்றினால் முதலில் சேபோவை மாற்றிப் பாருங்கள். அதன் உச்ச அளவு, எடை போடாமல் அளவுக்குழாயில் கனஅளவாக அளந்தால், 120 கிரெயின்; எந்த மருந்தானாலும் துப்பாக்கியின் கையேடு சொல்லும் வரம்பு அதைவிடக் குறைவானால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

சுட்டுப் பார்க்கும் நாள்

மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்து முதலில் 50 கெஜத்திலும் பிறகு 100 கெஜத்திலும் மும்மூன்று குண்டுகளாகச் சுடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்: குண்டும் மருந்தின் அளவும் அப்படியே இருக்க சேபோவை மட்டும் மாற்றுங்கள், நல்ல சேபோ கிடைத்ததும் மருந்தை ஐந்து ஐந்து கிரெயினாக மாற்றிப் பாருங்கள். அதிக மருந்து அதிகத் துல்லியம் தரும் என்று நினைக்க வேண்டாம். என் துப்பாக்கி 110ஐவிட 95இல்தான் நெருக்கமாகச் சுடுகிறது. மானின் நெஞ்சுக்கூட்டில் குறிவைக்கும் பகுதி ஏறத்தாழ 8 அங்குல வட்டம் என்பதால், 100 கெஜத்தில் 2 அங்குலத்துக்குள் மூன்றும் விழுந்தால் போதுமானது.

இரண்டு வெடிகளுக்கு நடுவே குழலைத் தொட்டுப் பாருங்கள். சேபோ வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக். சூடான குழலில் அது மென்மையாகி அழுத்தத்தைத் தாங்காமல் கிழிந்துபோகும். ஆகஸ்ட் வெயிலில் அடுத்தடுத்துச் சுட்டுவிட்டு, குண்டுகள் சிதறுகின்றன என்று சேபோவை ஒதுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழல் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் வரை காத்திருக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் அதே பிளாஸ்டிக் விறைத்துக் கூடுதல் இறுக்கம் காட்டும் என்பதால், பருவத்துக்கு முன்னால் குளிரான ஒரு காலையில் மறுபடியும் சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடுதளம் பாதுகாப்பென்று அறிவித்த பிறகு, முன்னால் நடந்து தரையில் கிடக்கும் சேபோக்களைப் பொறுக்கிக் கொண்டு வாருங்கள். பெரும்பாலும் 15 முதல் 30 கெஜத்துக்குள் கிடைக்கும். எந்தக் கருவியைவிடவும் அதிகத் தகவல் அவற்றில்தான் இருக்கிறது. இதழ்கள் எல்லாம் பூப்போலச் சம அளவில் பின்னால் மடிந்து, அடிக்கிண்ணம் முழுதாக, கோடுகள் தெளிவாக இருந்தால் இணை பொருந்திவிட்டது. ஓர் இதழ் மட்டும் ஒடிந்திருந்தால் குண்டை அது ஒரு பக்கம் தள்ளிவிட்டிருக்கும். அடிக்கிண்ணம் உருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால் மருந்து அதிகம் அல்லது சேபோ மெலிது. மருந்தைக் குறைக்கலாம், அல்லது மருந்துக்கும் சேபோவுக்கும் நடுவே கம்பளி வட்டு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் கருகிய கோடு ஒன்று ஓடியிருந்தால் அந்த வழியாக வாயு கசிந்திருக்கிறது. அடுத்த அளவு இறுக்கமான சேபோவுக்குப் போகவேண்டும். நான் இவற்றைத் தேதியும் மருந்தளவும் எழுதிய சிறு பைகளில் போட்டு வைத்திருக்கிறேன். மறு வருடம் புதுப் பை சேபோ வாங்கும்போது பழையதோடு ஒப்பிட்டால் அச்சு மாறியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

பொருள் வாங்குவதற்கு முன் அந்த மாநிலத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் சேபோவுக்கே அனுமதியில்லை. வில்லை வடிவ மருந்தும் தொலைநோக்கியும் கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் சென்ற வருடக் கையேட்டை நம்பிப் போகாமல், நடப்புப் பருவத்தின் கையேட்டையே பாருங்கள்.

வேட்டை நாள் காலையில் கெட்டிப்பதற்கு முன், குழலில் இருக்கும் எண்ணெயை உலர்துணியால் துடைத்து, வெறும் பிரைமர் ஒன்றிரண்டைப் பாதுகாப்பான திசையில் வெடித்து, பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் தீவழியைக் காயவைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மருந்தை நனைப்பதோடு சேபோவின் பிடியையும் தளர்த்திவிடும். இலக்குத் தாளில் சுத்தமான குழலிலிருந்து சென்ற முதல் குண்டு எங்கே பட்டது என்று தனியே குறித்து வைத்திருப்பீர்களானால், காட்டிலும் அதே சுத்தமான குழலோடு போகலாம். கரிபடிந்த குழலில்தான் துல்லியம் என்று கண்டிருந்தால், முந்திய நாள் சுடுதளத்தில் ஒன்றைச் சுட்டுவிட்டு, அந்தக் கரி ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்வதற்குள் விடியலில் கெட்டித்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் வீடு திரும்பிய உடனே சுத்தம் செய்துவிட வேண்டும்.